மாமரத்துக்கு வரும் மரநாய்: நாம் செய்யக்கூடாதவை

தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் நரி இலந்தைப்பழம் தின்று, கொட்டையை எச்சத்தோடு வேறெங்கோ போட்டுச் செல்லும். சிங்கப்பூரில் காட்டு நரி கிடையாது. இங்கே அந்த வேலையை இரவில் செய்பவை பழந்தின்னி வௌவால்களும், பூனை போன்ற உருவமுள்ள மரநாயும் (civet). சிக்லாப் பக்கத்துத் தரைவீட்டுக்காரர்கள் மரநாயை நன்றாக அறிவார்கள்.

கூரிய பல்லைப் பார்த்து, அது இறைச்சி மட்டுமே தின்னும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எலி, பூச்சி, முட்டை எல்லாம் தின்னும். ஆனால் பெரும்பாலும் வயிற்றை நிரப்புவது பழம்தான். மாம்பழம், ரம்புத்தான், பப்பாளி எதையும் விடாது. கூந்தற்பனைப் பழத்தின் சதையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நம் கையில் பட்டாலே அரிக்கும். அதையும் விரும்பித் தின்னும் விலங்கு இது. எலியும் அணிலும் பல விதைகளைக் கடித்து நொறுக்கிவிடும். மரநாயின் குடலிலோ சதை மட்டும் செரிக்கிறது, கொட்டை முழுசாக வெளியே வருகிறது. அதற்குள் அது எத்தனை மதில், எத்தனை கிளை தாண்டியதோ, அத்தனை தூரம் விதையும் போய்விடுகிறது. பெரிய பழந்தின்னி விலங்குகள் பல அற்றுப்போன இந்தத் தீவில் இந்தச் சேவைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மதில்மேல் கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டாதீர்கள். கையுறை போட்டு அள்ளுங்கள், போதும்.

பாசத்தில் வாழைப்பழம் வைப்பதும் தவறுதான். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது 2020 ஜூன் முதல் சட்டப்படி குற்றம். முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரே தட்டில் வயிறு நிறைந்தால் அது ஏன் மரம் மரமாக அலையப்போகிறது? நாம் வைக்கும் வாழைப்பழத்தில் பரப்ப விதையும் இல்லை.

கூண்டு வைத்துப் பிடிக்கவே கூடாது. கூரைக்குள் சத்தம் கேட்டதும் ஓட்டையை அடைப்பது அதைவிடக் கொடுமை: தாய் இரைதேடி வெளியே போயிருக்கும், குட்டிகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். குட்டிகள் வளர்ந்து எல்லாம் வெளியேறியது உறுதியான பிறகு ஓட்டையை அடையுங்கள், கூரையைத் தொடும் கிளைகளையும் அப்போதே வெட்டிவிடுங்கள்.