முதல்முறை மேக்கப் போடப்போகும் உங்களுக்கு: தினசரிக்குப் போதுமான எளிய செய்முறை

என் தங்கை பதினைந்து வயதில் முதன்முதலாக ஐலைனர் வாங்கிய அன்று, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு என்னிடம் வந்தாள். “அக்கா, எவ்வளவு வரைஞ்சாலும் கண்ணைத் திறந்தா காணாமப் போயிடுது” என்றாள். கண்ணை மூடச் சொன்னேன். கோடு நேராக, அழகாக இருந்தது. திறக்கச் சொன்னேன். மொத்தக் கோடும் இமை மடிப்புக்குள் போய்விட்டது. அவள் வரைந்ததில் குறையே இல்லை. அவள் பார்த்துப் பழகிய வீடியோ வேறு மாதிரிக் கண்ணுக்கானது.

இந்த முறை நம்மைப் போன்ற ஆசிய முகங்களுக்கானது. ஆனால் ஆசிய முகம் என்றால் ஒரே முகம் அல்ல. மடிப்பே தெரியாத ஒற்றை இமை, மேல்தோல் இறங்கி மடிப்பை மூடும் இமை, அகலமான பெரிய இமை எல்லாமே நம்மிடம் உண்டு. நிறமும் வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் பழுப்பு வரை போகிறது. ஆனாலும் நம்மில் நிறையப் பேருக்கு இமைமுடி நேராக அல்லது கீழ்நோக்கி வளரும், புருவம் கறுப்பாக இருக்கும், தோலில் மஞ்சள் அல்லது ஆலிவ் (லேசான பச்சை) சாயல் இருக்கும், கண்ணுக்குக் கீழே லேசான கருமை இருக்கும். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் இந்த முறையை எழுதுகிறேன்.

தேவையானவை: மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், கன்சீலர் (கருவளையம், பரு போன்றவற்றை மறைக்கும் தோல்நிறப் பூச்சு), அடர் பழுப்பில் ஒரு புருவப் பென்சில், ஒரு ஐலைனர் பென்சில், ஐலாஷ் கர்லர் (இமைமுடியை வளைக்கும் கருவி), மஸ்காரா (இமைமுடிக்குப் பூசும் மை), நிறம் கலந்த லிப் பாம். முகம் முழுதும் பூசும் ஃபவுண்டேஷனை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். டீன் ஏஜ் வயதில் முழு முகத்தையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. எங்கே தேவையோ அங்கே மட்டும் தொட்டால் போதும்.

புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஓரிரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அதை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 1: தோலைத் தயார் செய்வது

முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எண்ணெய் வழியும் முகம் என்றால் ஜெல் போன்றது, வறண்ட முகம் என்றால் க்ரீம். அப்புறம் சன்ஸ்கிரீன். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்பிஎஃப் என்று போட்டிருப்பது அதன் பாதுகாப்பு அளவு. எஸ்பிஎஃப் 30 தோலைச் சுடும் யுவி-பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, எஸ்பிஎஃப் 50 சுமார் 98 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். எண்ணைவிடத் தடவும் அளவுதான் முக்கியம். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சில சன்ஸ்கிரீன்கள் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூசியது போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் நிறம் கலந்த சன்ஸ்கிரீனுக்கோ ஜெல் வகைக்கோ மாறிவிடுங்கள். தடவிய பின் ஐந்து நிமிடமாவது விடுங்கள். அவசரப்பட்டு மேலே கன்சீலர் போட்டால் எல்லாம் சேர்ந்து உருண்டு உருண்டு வரும்.

படி 2: கன்சீலர்

நிறத்தைப் புறங்கையில் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றாக இருப்பது அபூர்வம். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சில பொருள்கள் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுத்துவிடும். அதற்குப் பிறகும் தோலோடு கலந்து, கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுதான் உங்கள் நிறம். ஒரு படி வெளுப்பாக எடுக்கும் ஆசை பலருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். உங்கள் நிறம் சரிசெய்ய வேண்டிய ஒன்றல்ல. அதோடு, வெளுத்த கன்சீலரைக் கருவளையத்தின் மேல் போட்டால் அது சாம்பலாகத்தான் தெரியும்.

கருவளையம் அடர்த்தியாக இருந்தால் முதலில் பீச் நிறக் கரெக்டர் (கருமையை மட்டுப்படுத்தும் நிறப் பூச்சு) மிக மெல்லியதாக. தோல் அடர் நிறம் என்றால் ஆரஞ்சு. அதன் மேல் கன்சீலர். பருவுக்கு ஒரே ஒரு புள்ளி வைத்து, மோதிர விரலால் அதன் ஓரங்களை மட்டும் ஒற்றி எடுங்கள். நடுவில் தேய்த்தால் போட்டதெல்லாம் விரலோடு வந்துவிடும்.

படி 3: புருவம்

முடி கறுப்பாக இருந்தாலும் பென்சில் அடர் பழுப்பாகவே இருக்கட்டும். கறுப்பில் வரைந்தால் முகம் கடுகடுவென்று தெரியும். முடி இல்லாத இடைவெளிகளில் மட்டும் குட்டிக் குட்டிக் கோடுகள், முடி வளரும் திசையிலேயே. பிறகு புருவ பிரஷ்ஷால் ஒருமுறை சீவுங்கள்.

படி 4: கண்

நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். என் தங்கைக்கு அன்று காட்டியதையே எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு வையுங்கள். நேராகப் பாருங்கள். கண் திறந்தே இருக்கட்டும். கோடு எங்கே தெரிய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அங்கே பென்சிலால் இரண்டு புள்ளிகள் வையுங்கள்: கருவிழிக்கு நேர் மேலே ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று. இப்போது கண்ணை மூடி அந்தப் புள்ளிகளைச் சேருங்கள். மூடியிருக்கும்போது கோடு தடிமனாகத் தெரியும், பயப்பட வேண்டாம். திறந்தால் மெல்லியதாகத்தான் இருக்கும். ஒற்றை இமைக்கு இந்த முறை நன்றாக எடுபடும். மேல்தோல் இறங்கும் இமை என்றால் கோட்டை விட்டுவிட்டு, மேல் இமைமுடியின் வேர்களுக்கு இடையில் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினாலே கண் எடுப்பாகிவிடும். அகன்ற இமை என்றால் வெளி ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு மெல்லிய கோடு போதும். கோடு மேலே ஒட்டி அழிகிறது என்றால் வரைவதற்கு முன் இமையில் துளி பவுடர் ஒற்றிக்கொள்ளுங்கள்.

கீழ் இமைக்குள் காஜல் போட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அது மதியத்துக்குள் கலைந்து கீழே இறங்கி, கருவளையத்தை இரண்டு மடங்காகக் காட்டும். தினசரிக்கு அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத கண்மையும், சுர்மா என்ற கண் பொடியும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

அடுத்து இமைமுடி. நேராக வளரும் முடியை முதலில் வளைக்க வேண்டும், பிறகுதான் மஸ்காரா. மாற்றிச் செய்தால் முடி கர்லரில் ஒட்டி உடையும். பார்வையைத் தாழ்த்தி, கர்லரை வேர் ஓரமாக வைத்து, தோல் மாட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஐந்து நொடி அழுத்துங்கள். பிறகு நடுவில் ஒருமுறை, நுனியில் ஒருமுறை. மஸ்காரா பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, வேரில் லேசாக அசைத்து மேலே இழுங்கள். ஒரு கோட் போதும். மாலைக்குள் வளைவு விழுந்துவிடுகிறது என்றால் வாட்டர்ப்ரூஃப் வகை வாங்குங்கள், அது பிடித்து நிற்கும்.

படி 5: உதடும் கன்னமும்

லிப் பாமை விரலால் ஒற்றினாலே ஆயிற்று. கன்னத்துக்கு விருப்பமிருந்தால் க்ரீம் பிளஷ் (கன்னத்துக்குச் சிவப்புச் சாயல் தரும் பூச்சு): வெளிர் நிறத்துக்கு பீச், மாநிறத்துக்கு கோரல், அடர் நிறத்துக்கு செங்கல் சிவப்பு அல்லது பெர்ரி. வட்ட முகமானால் கன்னத்தின் உப்பிய பகுதியில் அல்லாமல் அதற்குச் சற்றே மேலே, காதை நோக்கி இழுங்கள்.

முடித்ததும் ஜன்னல் பக்கம் போய் ஒருமுறை பாருங்கள். குளியலறை விளக்கில் தெரியாத திட்டுகள் அங்கே தெரியும்.

இரவில் கழுவுவது

எவ்வளவு தூக்கம் வந்தாலும் கழுவாமல் படுக்காதீர்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுக்கு எண்ணெய் கலந்த ரிமூவர் வேண்டும். பஞ்சில் நனைத்து மூடிய கண்மேல் இருபது நொடி வைத்திருந்து, கீழ்நோக்கித் துடைத்தால் தேய்க்காமலே வந்துவிடும். பிறகு ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர்.

பிரஷ்களை வாரம் ஒருமுறை சோப்பு போட்டு அலசுங்கள். மஸ்காராவை எவ்வளவு மிச்சமிருந்தாலும் திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப்போட வேண்டும். அதையும் ஐலைனரையும் உயிர்த்தோழிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கண் சிவந்து உறுத்தினால் அன்று கண்ணில் போட்ட பொருள்கள் நேராகக் குப்பைக்கு. கண் முழுதாகத் தெளியும்வரை லிப் பாமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரிரு நாளில் சரியாகவில்லை என்றால், வலியோ பார்வை மங்கலோ இருந்தால் உடனேயே, கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.