7, 8, 9 விழுந்தால் என்ன சொல்வது?

அபாக்கலிப்ஸ் வேர்ல்டு (2010) வழியில் வந்த கதை விளையாட்டுகளை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டங்களை, நடத்துகிறவர்கள் அதிகம் திணறுவது, இரண்டு பகடையையும் கூட்டி 7, 8 அல்லது 9 வரும்போதுதான். 10-ம் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும், 6-ம் அதற்குக் கீழும் என்றால் சிக்கல், சரி, நடுவில்? கூடுதல் புள்ளி எதுவும் இல்லாவிட்டால் 36 சேர்க்கைகளில் 15 இங்கேதான் விழும், அதனால் கதையின் கணிசமான பகுதி இங்கேதான் ஓடுகிறது.

பகடையை உருட்டும் முன்பே 'இதில் எதை இழக்கலாம்?' என்று ஆட்டக்காரரிடமே கேட்டுவிடுங்கள். ஒருவரின் பாத்திரம் கம்பியை விட்டுப் பூட்டைத் திறக்கிறது, 8 விழுகிறது என்று வையுங்கள். தயவுசெய்து 'பாதி திறந்தது' என்று சொல்லாதீர்கள். பூட்டு முழுசாகவே திறக்கட்டும், ஆனால் கம்பி உள்ளே ஒடிந்து நிற்கிறது, காலையில் பார்க்கிறவர்களுக்கு யாரோ வந்து போனது தெரிந்துவிடும். கம்பியை எடுக்க நின்றால் காவலாளியின் விளக்கு மூலை திரும்பிவிடும். எது வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர் வென்றதை மட்டும் பறிக்காதீர்கள்.

அப்புறம், உடனே எதுவும் தோன்றவில்லையென்றால் பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு கதை விளையாட்டில் செய்வதுபோல தாளில் ஒரு வட்டம் போட்டு, 4 அல்லது 6 துண்டாகப் பிரித்து, 'காவலர்களின் சந்தேகம்' என்று எழுதி, எல்லாரும் பார்க்க ஒரு துண்டை நிரப்புங்கள்; வட்டம் முழுதும் நிரம்பினால் அந்த ஆபத்து வந்துவிடும். பேச்சு சட்டென்று நின்று, எல்லார் கண்ணும் அந்த வட்டத்துக்குப் போய்விடும்.