வரைபடம் லட்சணம், கணக்குதான் தப்பு

இடத்தோடு சேர்ந்த தரவை வரைபடமாக்கி அலசும் ஜிஐஎஸ் மென்பொருளோடு ஒரு தொல்லை உண்டு. நாம் தப்பு செய்தால் பெரும்பாலும் அது வாயே திறக்காது. எல்லைக்கோடு போட்டு, நிறம் பூசி, பார்க்க லட்சணமாக ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிடும்.

புதியவர்கள் அதிகம் இடறுவது ஆள்கூற்று முறையில்தான் (சிஆர்எஸ்): ஒரு புள்ளியின் எண்கள் பூமியில் எந்த இடம், எந்த அலகு என்று சொல்லும் முறை. இரண்டு லேயர்கள் (வரைபட அடுக்குகள்) ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை என்றதும், க்யூஜிஐஎஸ் என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருளில் 'செட் லேயர் சிஆர்எஸ்' போய் வேறு முறையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளை எண்களைத் தொடுவதே இல்லை. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறது. தீர்க்கரேகை 30, அட்சரேகை 50 என்று பாகையில் இருக்கும் ஒரு புள்ளிக்கு, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறை என்று பெயர் வைத்துப் பாருங்கள். கிழக்கே 30 மீட்டர், வடக்கே 50 மீட்டர் என்று மென்பொருள் அப்படியே நம்பிவிடும். 10 பாகை அகலமுள்ள ஒரு நாடு 10 மீட்டருக்குள் சுருண்டு கிடக்கும். எண்களை நிஜமாகவே மாற்றிக் கணக்கிடுவது 'ரீப்ராஜெக்ட் லேயர்'. கோப்பில் பெயர்ப்பலகை இல்லாதபோதோ, தப்பாக இருக்கும்போதோதான் முதல் கட்டளைக்கு வேலை.

இதன் தம்பி, பஃபர்: ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரை எல்லை போடும் கட்டளை. சாலையிலிருந்து 500 மீட்டர் வேண்டும் என்று 500 தட்டுகிறீர்கள். லேயரோ டபிள்யூஜிஎஸ் 84, அதாவது பாகையில். 500 பாகை! பூமியை ஒரு சுற்றுச் சுற்றினாலே 360தான். இந்தத் தப்பாவது கண்ணில் படும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற ப்ரொஜெக்ஷனில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) தட்டையாகப் பரப்பளவு கணக்கிடுவது படாது. அதில் 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. பரப்பு வேண்டுமென்றால், பரப்பைச் சிதைக்காத சமபரப்பு ப்ரொஜெக்ஷனுக்கு மாற்றிவிட்டு அளப்பதே உத்தமம்.

அட்சரேகை முதலிலா, தீர்க்கரேகை முதலிலா? ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில், இணைய வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரலகத்தில் அட்சரேகை முதலில். (ஏன் இப்படி என்று கேட்டால் சண்டைதான் மிச்சம்.) புள்ளிகள் கினி வளைகுடாவில் போய்க் குவிந்தால் அது வேறு நோய்: ஆள்கூறு காலியாக இருந்து 0, 0 ஆகிவிட்டது.

ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவு வடிவத்தை அனுப்பும்போது எஸ்ஹெச்பி கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு ஷேப்ஃபைல்; ஆள்கூற்று முறையைச் சொல்லும் பிஆர்ஜேயும் கூடவே போகட்டும். பிஆர்ஜே விட்டுப்போனால் மேலே சொன்ன பெயர்ப்பலகைக் குழப்பம் அடுத்தவர் தலையில் விடியும். வரைபடத்தோடு ஓர் அட்டவணையை இணைக்கும்போது பாதி மாவட்டங்கள் காலியாக வந்தால் மாவட்டக் குறியீட்டைப் பாருங்கள்: ஒரு பக்கம் '007' எழுத்தாக, மறுபக்கம் எக்ஸெல் தின்றது போக வெறும் 7.

நிறவரைபடத்தில் மொத்த எண்ணிக்கைக்கு நிறம் பூசினால், எதை அளந்தாலும் பெரும்பாலும் மக்கள்தொகை அதிகமுள்ள மாவட்டமே அடர்நிறத்தில் நிற்கும். நோயாளிகள் எத்தனை பேர் என்பதைவிட, லட்சத்துக்கு எத்தனை பேர் என்று போடுங்கள்.

அப்புறம் இந்தத் தசம இலக்கங்கள். பாகையில் ஆறாவது இலக்கம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர். கைப்பேசி ஜிபிஎஸ்ஸோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். லாண்ட்சாட் செயற்கைக்கோளின் வழக்கமான வண்ணப் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்குள் ஒரு வீட்டின் மூலை தெரியாது.