காசநோய்க் கிருமிகளின் ஜீனோம்களை ஒப்பிடுவது எப்படி?

மதுரைப் பக்கம் உயிரியல் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசநோய்க் கிருமியின் ஜீனோம், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ., சுமார் 44 லட்சம் எழுத்து நீளம். இரண்டு நோயாளிகளின் கிருமிகள் அதில் எத்தனை எழுத்தில் மாறுபடுகின்றன என்று எண்ணுவதுதான் வேலை. லேப்டாப் இழுக்கவில்லை என்றால் கேலக்ஸி என்ற இணையத் தளத்தில் இலவசமாகவே செய்யலாம்.

முதலில், அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நடத்தும் எஸ்.ஆர்.ஏ. என்ற பொதுத் தொகுப்பிலிருந்து தென்னிந்தியக் கிருமிகள் நான்கைந்தின் ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஜீனோமைத் துண்டு துண்டாக வாசித்த எழுத்து வரிசைகள், அதாவது ரீடுகள், அவற்றில் இருக்கும். ஃபாஸ்ட்பி மென்பொருளில் கொடுத்து ரீடுகளின் தரம் குறைந்த நுனிகளை வெட்டிவிடுங்கள்.

அடுத்து, எதோடு ஒப்பிடுவது? எல்லோரும் எடுப்பது எச்37ஆர்வி என்ற ஆய்வகக் கிருமி. 1905இல் அமெரிக்க நோயாளி ஒருவரிடம் எடுத்த கிருமியின் வழிவந்தது. 1998இல் அதன் முழு ஜீனோம் வெளியானது. அதையே எடுங்கள், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது லீனியேஜ் 4 (லீனியேஜ் என்றால் கிருமியின் வம்சக் கிளை). தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது லீனியேஜ் 1. இந்தக் கிருமிகளில் டிபிடி1 என்று சுமார் 2,000 எழுத்துத் துண்டு ஒன்று உண்டு. எச்37ஆர்வியில் அது கிடையாது. அந்தத் துண்டின் ரீடுகளுக்கு ஒட்ட இடமில்லை. அதற்குள் என்ன மாறியிருந்தாலும் உங்கள் அட்டவணையில் வராது. எனவே ஒட்டாத ரீடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தனியே ஸ்பேட்ஸ் என்ற மென்பொருளில் கொடுத்து ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கிருமிக்கும் ஸ்னிப்பியை ஓட்டுங்கள்; ரீடுகளை எச்37ஆர்வியோடு ஒட்டி மாறுபாடுகளைப் பட்டியலிடும் மென்பொருள் இது. லீனியேஜ் 1 என்றால் மாறுபாடுகள் ஆயிரத்தைத் தாண்டும், பயப்பட வேண்டாம். ஆர்பிஓபி ஜீனில் 450ஆவது கோடானை (மூன்றெழுத்துத் தொகுதியை) பாருங்கள்: டி.சி.ஜி. என்பது டி.டி.ஜி. ஆகியிருந்தால் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடாது. ஒரே ஒரு எழுத்துதான்! பழைய கட்டுரைகள் இதையே 531 என்று சொல்லும், அது ஈ.கோலை பாக்டீரியாவின் ஜீனை வைத்து எண்ணும் கணக்கு.

சரி, இப்போது எண்ணலாமா? அதற்கு முன் பிஇ, பிபிஇ என்ற ஜீன் குடும்பங்களைக் கணக்கில் சேராதபடி மறைத்துவிடுங்கள். ஒன்றைப்போலவே இன்னொன்று இருப்பதால் குட்டை ரீடுகள் இடம் மாறி ஒட்டி, இல்லாத மாறுபாட்டைக் காட்டும். மறைப்பதற்கான கோப்பு ஸ்னிப்பியோடு கூடவே வருகிறது.

கடைசியாக, எல்லாக் கிருமிகளின் மாறுபாடுகளையும் ஒன்றாக அடுக்க ஸ்னிப்பி-கோர், இரண்டிரண்டாக வித்தியாசத்தை எண்ண எஸ்என்பி-டிஸ்ட்ஸ். மேலூர்க்காரர் ஒருவரின் கிருமிக்கும் உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் கிருமிக்கும் 5 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் இருவரும் அண்மையில் பரவிய ஒரே சங்கிலியில் இருக்க வாய்ப்பு அதிகம். 12ஐத் தாண்டினால் வாய்ப்பு குறைவு. இந்தக் கிருமியில் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு எழுத்துதான் மாறும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு இருமல் தொடங்கிய தேதியும் அவர்கள் எங்கெங்கே பழகினார்கள் என்பதும் வேண்டும்.