சஸ்பெண்டுன்னா பணிநீக்கம் இல்லைங்க

லெட்டர் எழுதுறவங்க, நியூஸ் டைப் பண்றவங்க இதை ஒரு தடவ பாத்துக்கோங்க. சஸ்பெண்ட் பண்ணாங்கன்றதுக்கு சரியான வார்த்தை பணியிடை நீக்கம். நிறைய பேர் நடுவுல இருக்க அந்த 'இடை'யை விட்டுட்டு பணிநீக்கம்னு போட்டுடுறாங்க, அப்ப அர்த்தமே மாறி வேலையே போச்சுன்னு ஆயிடும், பாவம் அந்த ஆளோட வீட்ல இதை படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

பணி, இடை, நீக்கம்னு பிரிச்சு பாத்தா ஈஸியா புரியும். வேலைக்கு இடையில கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். விசாரணை நடக்கும்போது இப்படி வச்சிருந்தா அவர் இன்னும் ஊழியர் தான், முழு சம்பளம் வராது, அதுக்கு பதிலா குடுக்குற தொகைக்கு பிழைப்பூதியம்னு பேரு (எனக்கு ரொம்ப பிடிச்ச வார்த்தை இது, பிழைக்கிறதுக்கான ஊதியம்னு நேராவே சொல்லிடுது). மொத்தமா டிஸ்மிஸ் பண்றதுக்கு பணியறவுன்னு அரசாணைகள்ல தனி வார்த்தையே இருக்கு.

ஸ்டூடண்டையோ எம்.எல்.ஏ.வையோ சஸ்பெண்ட் பண்ணா அங்க 'பணி' வேண்டாம், வெறும் இடைநீக்கம் போதும். இலங்கைல இடைநிறுத்தம்னு எழுதுவாங்க, அதுவும் சரிதான். ஆனா கோர்ட் ஒரு தண்டனையை சஸ்பெண்ட் பண்ணா இடைநீக்கம்னு போடாதீங்க, நிறுத்திவைப்புன்னு எழுதணும். லைசென்ஸ்னா தற்காலிக ரத்து, அந்த 'தற்காலிக'வை மட்டும் மறக்காம போட்டுடுங்க.