வூகாமர்ஸ் அப்டேட்: நீங்கள் மாற்றிய டெம்ப்ளேட்டை என்ன செய்வது?

வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் என்ற பிளகின் (கூடுதல் மென்பொருள்) போட்டுக் கடை நடத்துகிறீர்கள், ஏதோ ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது பக்கமோ மெயிலோ எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் ஃபைலைத் திறந்து நாலு வரி மாற்றியும் இருக்கிறீர்கள். சரி, எங்கே மாற்றினீர்கள்? பிளகினின் சொந்த ஃபோல்டரில் கை வைத்திருந்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும், ஏனென்றால் பழைய ஃபோல்டரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான் அப்டேட். வாங்கிய தீமுக்குள் (தளத்துக்குத் தோற்றம் தரும் தொகுப்பு) வைத்திருந்தால் தீம் அப்டேட் ஆகும்போது இதே கதி. அதனால்தான் சைல்ட் தீம்: தாய்த் தீமின் மேல் உட்காரும் உங்கள் சொந்தச் சிறு தீம். டெம்ப்ளேட்டின் காப்பியை அதில் வைத்து மாற்றினால் அப்டேட் அதைத் தொடாது.

படி 1: காப்பி தேவைதானா?

"பார்சல் கிளம்ப இரண்டு நாள் ஆகும்" என்று ஆர்டர் மெயிலில் ஒரு வரி சேர்க்க டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் ஈமெயில்ஸ் டேபில் ஒவ்வொரு மெயிலுக்கும் கூடுதல் வாசகம் எழுத இடம் இருக்கிறது. பொருள் பக்கத்தில் ஏதாவது நுழைக்க பெரும்பாலும் ஒரு ஹூக் (ஃபைலைத் தொடாமல் உங்கள் வரிகளை இணைக்கப் பிளகின் தரும் கொக்கி) போதும். மெயிலில் வரும் பொருள் பட்டியலையே கலைத்து எச்எஸ்என் எண்ணுக்கு (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) ஒரு கட்டம் சேர்ப்பது மாதிரி வேலைக்கு மட்டும் காப்பி எடுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் இனி நீங்கள்தான் பராமரிக்க வேண்டும்.

படி 2: சரியான இடத்தில் வையுங்கள்

பிளகினுக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டர் இருக்கும். அதில் வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்து, சைல்ட் தீமில் 'வூகாமர்ஸ்' (ஆங்கிலத்தில் woocommerce) என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போடுங்கள். ஈமெயில்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல் இங்கேயும் ஈமெயில்ஸ் ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும், ஆனால் நடுவில் 'டெம்ப்ளேட்ஸ்' வரக்கூடாது. கை வைக்காத மூல ஃபைலையும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கார்ட், செக்அவுட் பக்கங்களை மாற்றியும் ஒன்றும் தெரியவில்லையா? 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதிதாகத் தொடங்கும் கடைகளில் அவை பிளாக்குகளாகவே (வேர்ட்பிரஸ் எடிட்டரில் அடுக்கும் துண்டுகள்) வருகின்றன, அங்கே இந்த வழி செல்லாது.

படி 3: அப்டேட் செய்து ஸ்டேட்டஸ் பாருங்கள்

பேக்கப் எடுத்துவிட்டு, ஸ்டேஜிங் தளத்தில் (சோதனைக்கான நகல் தளம்) முதலில் செய்யுங்கள். அப்புறம் வூகாமர்ஸ் மெனுவில் ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போய்க் கீழே வந்தால் டெம்ப்ளேட்ஸ் பகுதியில் உங்கள் காப்பிகள் வரிசையாக இருக்கும்; பழசாகிப்போனது எது, மூலத்தின் பதிப்பு என்ன என்று அதிலேயே தெரியும். இந்த எண் பிளகினின் எண் இல்லை. அந்த ஃபைல் கடைசியாக எந்தப் பதிப்பில் மாறியதோ அந்த எண், அதனால் பிளகின் 9ல் இருக்க ஃபைல் 7ல் நின்றால் பதற வேண்டாம். பட்டியலில் வருவது தாய்த் தீமின் ஃபைல் என்றால் அது தீம் எழுதியவர் பாடு.

படி 4: புதிய மூலத்தில் உங்கள் மாற்றத்தைச் சேருங்கள்

ஃபைலின் தலையில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் திருத்தி, பழசாகிவிட்டது என்ற எச்சரிக்கையை மறைத்துவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம், பழைய நிரல் உள்ளே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 2017 ஏப்ரலில் வூகாமர்ஸ் 3.0 வந்தபோது ஆர்டர் தகவலை எடுக்கும் முறையே மாறியது, பழைய பாணி டெம்ப்ளேட்கள் எச்சரிக்கைகளாகக் கொட்டின.

பழைய மூலம், உங்கள் காப்பி, புதிய மூலம், இந்த மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் வின்மெர்ஜ் அல்லது மெல்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசம்தான் உங்கள் மாற்றம். இப்போது புதிய மூலத்தைக் காப்பி எடுத்து அந்த வரிகளை மட்டும் அதில் சேருங்கள். தலைகீழாக, புதியதில் வந்ததைப் பழைய காப்பிக்குள் இழுத்துப் போட்டால் எதையாவது விட்டுவிடுவீர்கள். பழைய மூலம் கையில் இல்லையென்றால், உங்கள் காப்பியின் தலையில் உள்ள எண்ணைப் பார்த்து, வேர்ட்பிரஸ் தளத்தில் இந்தப் பிளகினின் அட்வான்ஸ்டு வியூ பக்கத்தில் அந்தப் பதிப்பை இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: சோதனை

ஸ்டேட்டஸ் பக்கத்தின் டூல்ஸ் டேபில் டெம்ப்ளேட் கேஷை (cache, தற்காலிகச் சேமிப்பு) காலி செய்யுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் ஒரு ஆர்டர் போட்டு, வரும் மெயிலை மொபைலிலும் திறந்து பாருங்கள், கட்டங்கள் அங்கேதான் பிதுங்கும். எல்லாம் சரியென்றால் லைவ் தளத்தில் பிளகினை அப்டேட் செய்த கையோடு புதிய காப்பியையும் ஏற்றிவிடுங்கள்.