கடல்நாய்களின் நோய் எதிர்ப்பாற்றலை மாசுகள் பாதித்துள்ளனவா என்று ஆராயும் முறை

கடல்நாயின் உடலில் நச்சு சேர்ந்திருப்பதை அளப்பதைவிட, அந்த நச்சே அதன் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்தது என்று நிறுவுவது மிகக் கடினம். ஆகவே உரிய அனுமதி பெற்று, தேர்ந்த கால்நடை மருத்துவரின் துணையுடன், தோலடிக் கொழுப்பின் சிறு துண்டையும் இரத்தத்தையும் ஒரே விலங்கிடமிருந்து ஒரே வேளையில் எடுக்க வேண்டும். பிசிபி என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள்கள், டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி போன்றவை கொழுப்பில் தங்கும். பாதரசத்தை இரத்தத்திலோ உரோமத்திலோ அளக்கலாம். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள், அவற்றைப் பெருகத் தூண்டும் பொருளுக்கு எந்த அளவு பெருகுகின்றன என்று சோதிக்க உயிருள்ள அணுக்கள் தேவைப்படுவதால், இரத்தம் உறையாமல் காத்து விரைவாக ஆய்வகத்தில் சேர்ப்பது இன்றியமையாதது.

முடிவுகளைப் படிக்கும்போதே மிகுந்த கவனம் வேண்டும். தாய் தன் மாசுச் சுமையின் ஒரு பகுதியைப் பால் வழியே குட்டிக்குக் கடத்திவிடுகிறது. மெலிந்த விலங்கிலோ கொழுப்பு கரைவதால், எஞ்சிய கொழுப்பில் நச்சின் செறிவு கூடித் தெரியலாம். எனவே வயது, பாலினம், கொழுப்பின் தடிமன் ஆகியவற்றைப் பதியாத மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்காதிருப்பதே நல்லது.

1990களில் நெதர்லாந்தில் நடந்த உணவூட்டல் ஆய்வில், மாசு மிகுந்த பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனை உண்ட கடல்நாய்களின் நோய் எதிர்ப்பு அணுக்களான இயற்கைக் கொல்லி அணுக்களும் டி அணுக்களும், அட்லாண்டிக் மீனை உண்டவற்றின் அணுக்களைவிடக் குறைவாகவே செயல்பட்டன. இதை வலுவான சான்றாகக் கொள்ளலாம். ஆனால் 1988இல் வடகடல் பகுதியில் ஆயிரக்கணக்கான கடல்நாய்களைக் கொன்றது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸை ஒத்த ஒரு வைரஸ். மாசு அதற்கு வழிவிட்டிருக்கலாம் என்பதற்கு மேல் அறிக்கையில் எழுதக் கூடாது.